விசில் ஊதியாச்சு மாப்ளே

உசுரு மாப்ளே சேதுவுக்கு,

ஒத்திகை நடந்துவிட்டது. இதை முதலில் உனக்குத்தான் சொல்லவேண்டும் என்று கடைக்கு ஓடிவந்தேன். வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், கேட்பதற்கு நீ இல்லை என்பது மறுபடியும் உறைத்தது. நீ உட்காருகிற அந்த உடைந்த ஸ்பீக்கர் பெட்டி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. யாரையும் அதில் உட்காரவிடுவதில்லை. நம்ம கடைப் பையன் பாண்டி ஒரு நாள் டீ கிளாசை அதன்மேல் வைத்துவிட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் மறைக்காமல் எழுதுகிறேன். படிக்கிறவர்களில் உன்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். நீ காரைக்குடிக்காரன், தீயணைப்புத் துறையில் இருந்தவன், இடிபாட்டுக்குள் சிக்கியவர்களை மீட்கத் தனியாகப் பயிற்சி எடுத்தவன். நான் காதர் மைதீன், செக்காலை ரோட்டில் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கந்தூரி, எதுவானாலும் சத்தம் போடுவதுதான் என் பிழைப்பு. நீயோ கொஞ்ச நேரம் அமைதி வேண்டும் என்று கேட்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்தவன். நம் இரண்டு பேருக்கும் எப்படிடா ஒத்துப்போச்சு என்று உன் சகாக்களே கேட்பார்கள்.

ஒத்துப்போகாமல் என்ன? உன் பெண்டாட்டி செல்விக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. உன் மகளுக்குக் காது குத்தியபோது, "தாய்மாமன் மடிக்கு நான் எங்க போறது? நீ வந்து உக்காரு மாமா" என்று என்னைத்தான் இழுத்து உட்காரவைத்தாய். நான் சீர்த்தட்டு சுமந்து, செட்டும் கொண்டுவந்து, தெருவையே அதிர வைத்தேன். அன்று முதல் செல்வி எனக்குத் தங்கச்சி, நீ எனக்கு மாப்பிள்ளை. ஊரில் ஒருத்தரும் அதை ஒரு விஷயமாகப் பேசவில்லை.

வடக்கே அந்த மலை ஊரில் பூகம்பம் வந்தபோது உங்கள் குழுவையும் அனுப்பினார்கள். போனவன் பாதி ஆளாகத் திரும்பி வந்தாய். என்ன நடந்தது என்று செல்வியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் எவர்சில்வர் தட்டில் சோறு போட்டு வைத்தால் பேசாமல் எழுந்து போய்விடுவாயாம். வாழையிலையில் போட்டால் சாப்பிடுவாயாம். "என்ன கிறுக்குண்ணே இது?" என்று என்னிடம் வந்து அழுதாள். நான் உன்னைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் ஒரு மத்தியானம் இந்தப் பெட்டியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாய்.

"ஆளுக்குப் பஞ்சமில்ல மாமா. மிஷினுக்குப் பஞ்சமில்ல. யாரு யாருக்குச் சொல்றதுங்கிறதுலதான் பஞ்சம்" என்றாய். ஒரே கட்டடத்தை மூன்று துறை ஆட்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து தேடினார்களாம். பக்கத்துக் கட்டடத்தை, மற்றவர்கள் பார்த்திருப்பார்கள் என்று யாருமே பார்க்கவில்லையாம். வயர்லெஸ் ஆளாளுக்குத் தனி. பார்வையிட வந்த பெரிய மனிதர்களின் கார்கள் வரிசையாக நின்றதில் ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், சோறு தண்ணியில்லாமல் வேலை பார்த்தவர்கள்தான் என்றும் சொன்னாய். அதுதான் உன்னை அதிகமாகக் கொன்றது.

அங்கே இடிந்த தங்கும் விடுதி ஒன்றின் மேல் நின்றபோது உனக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. டங், டங் என்று. கீழே யாரோ எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுகிறார்கள். எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டால்தான் எங்கே தோண்டுவது என்று தெரியும். அதற்குச் சுற்றியிருக்கும் எல்லாமே நிற்கவேண்டும். நீளமாக ஒரு விசில் ஊதினால் எல்லாரும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாயை மூடி நிற்கவேண்டும் என்பது உங்கள் பயிற்சியில் உள்ள விதி. நீ ஊதினாய். உங்கள் ஆட்கள் நின்றார்கள்.

மற்றவர்களுக்கு அந்த விதி யாரும் சொல்லவில்லை. அங்கிட்டு ஒரு ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது, அது வேறொரு துறையுடையது. "எங்க சாரு சொல்லாம நிறுத்தக்கூடாது" என்று டிரைவர் கையை விரித்திருக்கிறான். அவனுடைய சார் எங்கேயோ கூட்டத்தில் இருந்தார். ஜெனரேட்டர் இன்னொரு துறையுடையது. நீ இங்கே ஓடி ஒன்றை நிறுத்தச் சொன்னால் அங்கே இன்னொன்று உறுமுகிறது. விசிலை ஊதிக்கொண்டே ஓடியிருக்கிறாய். கடைசியில் எல்லாம் ஓய்ந்து நீ தரையில் காதை வைத்தபோது தட்டுகிற சத்தம் இல்லை.

நீ ஓர் இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்டினாய், தோண்டினார்கள். அந்தப் பெண் அங்கிருந்து இரண்டு அறை தள்ளிக் கிடந்தாள். மறுநாள்தான் எடுத்தீர்கள். தட்டு கையிலேயே இருந்தது.

"யாரும் வரமாட்டாகன்னு நெனச்சுக்கிட்டே செத்திருப்பா மாமா. நான் மேல நின்னது அவளுக்குத் தெரியாமலே போயிருச்சு." இதைச் சொல்லிவிட்டு இந்தப் பெட்டியில் உட்கார்ந்து நீ அழுத அழுகையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ போன பிறகு செல்வியிடம் மட்டும் சொன்னேன். "அதான் தட்டுச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போனாகளா" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். நம் ஊரில் எல்லாத் துறையும் சேர்ந்து ஒரே ஒரு ஒத்திகை. ஒரு விசில். எல்லாரும் ஒன்றாக நிற்கவேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது. ஓர் ஆபீசில், "நல்ல யோசனைதான் சார், ஆனா அவுககிட்ட இருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வரணும்ல" என்றார்கள். அந்த 'அவுக'கிட்டப் போனால், "நாங்க ரெடி, இவுகதான் எங்களக் கூப்பிடணும்" என்றார்கள். மூன்றாவது ஆபீசில், "இங்க எங்குட்டுயா பூகம்பம் வரப்போகுது? வந்தாப் பாத்துக்குவோம், மொதல்ல டீயக் குடிங்க" என்று சிரித்தார்களாம். எந்தெந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. எல்லாரும் நமக்கு வேண்டியவர்கள்தான், எல்லாரும் என்னிடம்தான் மைக் எடுக்கிறார்கள்.

நானும்தான் சிரித்தேன். "ஒனக்கு ஒத்திகை வேணும்னா பூகம்பத்தைத்தான்டா மொதல்ல இங்குட்டு மாத்தல் வாங்கிக் கூட்டிட்டு வரணும்" என்றேன். நீ கோபப்படவில்லை. "பூகம்பம் வராட்டிப் போகுது மாமா. ஒரு பழைய கட்டடம் மழையில இடிஞ்சு விழுகாதா? அதுக்கும் இதே ஆளுகதான வரணும்?" என்றாய். நான் பேச்சை மாற்றி டீ வாங்கிவரச் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை என் கையைப் பிடித்திருந்தாய். உன் ஒத்திகை யார் மேஜையிலும் நகராமல் கிடந்தது. நீயும் போனாய், அதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை மாப்ளே. உன் கீழே வேலை பார்த்த மலர்விழியை ஞாபகம் இருக்கிறதா? இப்போது அந்த அம்மாதான் நிலைய அலுவலர். நீ கெஞ்சியதை எல்லாம் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் உன்னைப்போல் கெஞ்சவில்லை. ஒவ்வோர் ஆபீசிலும் போய் உட்கார்ந்துகொண்டு, "தேதி சொல்லுங்க சார், நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டாராம். இப்படிச் செய்யலாம் என்று நமக்குத் தோன்றவில்லையே! தேதி வந்தது. இடிக்க உத்தரவான ஒரு பழைய கட்டடத்தைப் பாதி இடித்து, அதைத்தான் பூகம்பத்தில் விழுந்ததாக வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே சிக்கியவராக ஒரு துணிப் பொம்மையைப் போடுவதாக ஏற்பாடு. செல்வி கிராம செவிலியர் என்பதால் சுகாதாரத் துறை ஆட்களோடு அவளும் முன்கூட்டத்துக்குப் போயிருந்தாள். பொம்மை என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். "பொம்மை தட்டுமா?" என்று கேட்டாளாம். ஒருத்தருக்கும் புரியவில்லை. "நான் படுத்துக்கிறேன் மேடம். நானே தட்டுறேன்" என்றிருக்கிறாள். மலர்விழி இடிபாட்டில் அவள் படுக்கவேண்டிய பொந்துக்குள் நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, தானே முதலில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். உன் வீட்டுப் பரணில் இத்தனை நாள் கிடந்த எவர்சில்வர் தட்டைச் செல்வி கழுவித் துடைத்து எடுத்துவந்தாள்.

ஒத்திகைக்கு மைக் நான்தான். முதலில் பேச்சு. எல்லாத் துறை அதிகாரிகளும் பேசவேண்டும், யார் முதலில் பேசுவது என்பதில் கொஞ்சம் இழுபறி. செல்வி அதற்கு முன்பே உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். "இன்னும் ரெண்டு பேரு பேசணும், அதுக்குள்ள அந்த அம்மாவ யாரு உள்ள போகச் சொன்னது?" என்று மைக்கைப் பிடித்திருந்த ஓர் அதிகாரி கேட்டார். இடிபாட்டுக்குள் கிடக்கிறவர் பேச்சு முடியட்டும் என்று காத்திருப்பாரா மாப்ளே? எனக்கு வந்த கோபத்தில் வால்யூமைக் குறைத்துவிட்டேன். அவர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், உனக்காகத்தான் செய்தேன்.

அப்புறம் சங்கு ஊதியது, வண்டிகள் வந்தன. ஜேசிபி வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே அலறியது. யார் பின்னால் எடுப்பது என்று கொஞ்சம் வாக்குவாதம். இருந்தாலும் ஒருவழியாக எல்லாரும் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டார்கள். மலர்விழி இடிபாட்டின் மேல் ஏறினார், கையை உயர்த்தினார், நீளமாக விசிலை ஊதினார்.

ஜேசிபி டிரைவர் அவனுடைய சாரைப் பார்த்தான். சார் தலையாட்டினார், அணைத்தான். ஜெனரேட்டர் நின்றது. ஆம்புலன்ஸ் ஊமையானது. போலீஸ்காரர்கள் வயர்லெசைக் குறைத்தார்கள். என் மைக்கையும் அணைத்தேன். நீ கேட்டது கண்முன்னால் நடக்கிறது! அடடா, இதைப் பார்க்க நீ இல்லையே என்று நினைத்து முடிக்கவில்லை, பின்தெருவிலிருந்து சினிமாப் பாட்டு. கூடவே கொட்டு. அது என் செட்டுதான் மாப்ளே.

பின்தெருவில் ஒரு காதுகுத்து. ஒலிபெருக்கிக்கு ஓர் ஆபீஸ் அனுமதி கொடுத்திருக்கிறது, தெருவில் பந்தல் போட இன்னோர் ஆபீஸ், ஒத்திகைக்கு வேறோர் ஆபீஸ். மூன்று பேரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. நீயாவது சொல்லியிருக்கலாமே மாமா என்பாய். நல்ல நேரம் காலையிலேயே முடிந்துவிடும், ஒத்திகை தொடங்குமுன் செட்டைப் பிரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன். தாய்மாமன் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுச் சீரோடு வருகிறேன் என்று போனவர், அங்கே கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். தாய்மாமன் வராமல் காது குத்தமுடியுமா? நான் என் இரண்டு ஆர்டரையும் பார்த்தேனே தவிர, ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நான் மட்டும் என்ன பெரிய யோக்கியன்? நானும் ஒரு ஆபீஸ் மாதிரிதான் நடந்துகொண்டேன்.

எல்லா அதிகாரிகளும் போனை எடுத்தார்கள். "யாரு பர்மிஷன் குடுத்தது?" "நாங்க இல்ல, அவுகளக் கேளுங்க." "அவுக லைன்ல இல்ல சார்." நான் பாண்டிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கர் பாக்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் போன் எப்படிக் கேட்கும்? இதற்கு நடுவில் மலர்விழி தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துப் பார்க்கிறார், கேட்கவில்லை என்று தலையை ஆட்டுகிறார். கீழே செல்வி தட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன்.

தாய்மாமன் அப்போதுதான் தெருவுக்குள் நுழைகிறார். முன்னால் கொட்டு, பின்னால் தலையில் சீர்த்தட்டோடு பெண்கள். ஒரு போலீஸ்காரர் எனக்கு முன்பே வந்து, "பாட்ட நிறுத்து, நிறுத்து" என்று அதட்டிக்கொண்டிருந்தார். தாய்மாமனோடு வந்த இளவட்டங்கள் சட்டைக் கையை மடக்கிவிட்டார்கள். "எங்க மாமன் சீர் கொண்டாரப்ப நிறுத்துறதா? யாருய்யா நீங்க?" பாண்டி என் காதில், "அண்ணே, இப்ப நிறுத்துனா நம்மளத் தூக்கிப் போட்டு மிதிப்பாக" என்றான். அவன் சொன்னது சரிதான். சீர் வரும்போது பாட்டு நின்றால் அந்த மனிதருக்குச் சாகும்வரை அது மானக்கேடு. உன் மகள் காதுகுத்தில் பாதித் தெருவில் கரண்ட் போனபோது நான் ஆடிய ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் பாட்டு நிற்கும், சண்டை ஆரம்பிக்கும். சண்டைக்குச் சத்தம் இன்னும் ஜாஸ்தி. பாண்டி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். தாய்மாமன் பேரைக் கேட்டேன், கருப்பையா என்றான்.

"திருக்கோஷ்டியூரிலிருந்து சீர் கொண்டு வந்திருக்கும் தாய்மாமன் கருப்பையா அவர்கள், பக்கத்துத் தெருவுல இடிபாட்டுக்குள்ள கெடக்கிற ஒரு உசுரோட சத்தம் வெளியில கேக்கணுங்கிறதுக்காக, தன்னோட சீர்ல ஒண்ணா, இந்தப் பாட்டையும் கொட்டையும் நிறுத்திக் குடுக்குறாக. சபையோர் எல்லாரும் அவுக சீரை ஏத்துக்கிட்டு, சத்தமில்லாம நிக்கணும்னு கேட்டுக்கிறோம்!"

சொல்லிவிட்டு அணைத்துவிட்டேன். கருப்பையா அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், போலீஸ்காரரைப் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். கொட்டு நின்றது. இளவட்டங்கள் மடக்கிய சட்டைக் கையை இறக்கிவிட்டார்கள். அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "யாருய்யா உள்ள கெடக்குறது?" என்று கேட்டார்.

"என் தங்கச்சிய்யா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இத முன்னாடியே வந்து சொல்றதுக்கு என்னய்யா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஒருத்தருக்கொருத்தர் முன்னாடியே சொல்லிக்கொள்ளுங்கள் என்று நீ ஆபீஸ் ஆபீசாகப் போய்க் கேட்டாயே, அதையேதான் அவரும் கேட்டார்.

அப்புறம் ஓர் அமைதி வந்தது பார், இந்த ஊரில் அப்படி ஒன்றை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. யார் வீட்டிலோ குக்கர் இரைவது கேட்டது. பந்தலில் குழந்தை சிணுங்கியது, தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். நான் இடிபாட்டுப் பக்கம் மெதுவாக நடந்து வந்தேன். கருப்பையாவும் பின்னால் வந்தார். எல்லாத் துறையும் நிற்கிறது. யார் கையிலும் போன் இல்லை. மலர்விழி தரையில் காதை வைத்துக் கிடக்கிறார்.

தட்டுகிற சத்தம் இல்லை மாப்ளே.

ஒத்திகைதான், முட்டுக் கொடுத்திருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. நீ அங்கே அந்த மலை ஊரில் காதை வைத்துக் கிடந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ சொன்னபோது கேட்டேன், தெரியவில்லை. யா அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒரு டங். ரொம்ப மெலிசாக. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மலர்விழி துள்ளி எழுந்து வலது மூலையைக் காட்டினார். அங்கேதான் இருந்தாள். வெளியே எடுத்து உட்காரவைத்தபோது உடம்பெல்லாம் புழுதி, கண் சிவந்திருந்தது. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

முடிவில் எல்லாரும் பாராட்டிப் பேசினார்கள். மலர்விழி செல்வியையும் பேசச் சொன்னார். அவள் மைக்கைப் பிடித்ததே இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"நீங்க எல்லாரும் பேசுனது உள்ள எனக்குக் கேட்டுச்சு. வண்டிய எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டது கேட்டுச்சு. பாட்டுக் கேட்டுச்சு. எனக்கு எல்லாமே கேட்டுச்சு. நான் தட்டுனதுதான் யாருக்கும் கேக்கல. கை ஓஞ்சு போயி வச்சுட்டேன். நீங்க எல்லாரும் நிறுத்துனப்ப நான் தட்டிக்கிட்டு இல்ல. கொஞ்சம் சீக்கிரம் நிறுத்தியிருந்தீகன்னா அப்பவே கேட்டிருக்கும்."

அவ்வளவுதான் பேசினாள். பேசவிடாமல் நான் வால்யூமைக் குறைத்தேனே, அந்த அதிகாரிதான் முதலில் எழுந்தார். "தப்புதாம்மா" என்றார். அடுத்த ஒத்திகைக்கு முன் எல்லா ஆபீசும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசவேண்டும், பந்தல்காரர், மைக் செட்காரர்வரை கூப்பிடவேண்டும் என்று தலையாட்டினார்கள். இந்தத் தலையாட்டல் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. ஓர் ஆபீசிலிருந்து இன்று சாயங்காலமே, முறைப்படி கடிதம் வந்தால் பரிசீலிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கருப்பையா செல்வியிடம் வந்து, சீர்த்தட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தார். "நீ யாரு புள்ளைனு தெரியாது தாயி. ஒங்க அண்ணன் நம்ம சீர்ல ஒன்னையும் சேத்துட்டாக, வாங்கிக்க" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். வாங்கிக்க என்று கண்ணைக் காட்டினேன்.

திரும்பும்போது செட் ஏற்றிய குட்டி யானை வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். கல்லுக்கட்டிப் பக்கம் வண்டி வரும்போது திடீரென்று, "விசில் நல்லாக் கேட்டுச்சுண்ணே" என்றாள்.

"எந்த விசிலு?"

"அந்தம்மா மேல நின்னு ஊதுச்சுல்ல. உள்ள மத்த சத்தமெல்லாம் கொழகொழன்னுதான் இருந்துச்சு. விசில் மட்டும் தனியாக் கேட்டுச்சு. ஆரோ நமக்காகத்தான் ஊதுறாக, நம்மளத் தேடித்தான் வந்திருக்காகன்னு தெரிஞ்சுச்சு. கை ஓஞ்சு போனப்பவும் எனக்குப் பயமா இல்லண்ணே. உசுரோட இருந்தப்ப ஒங்க மாப்ளைக்கு இதச் சொல்ல முடியாமப் போச்சே!"

வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

உனக்குக் கேட்கிறதா மாப்ளே? நீ அங்கே விசிலை ஊதிக்கொண்டே ஓடினாயே, அது தட்டோடு கிடந்த அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கும். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் சாகவில்லை. ஒருத்தன் எனக்காக மேலே கிடந்து ஓடுகிறான் என்று தெரிந்துதான் கண்ணை மூடியிருப்பாள். இதை நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டதே. நீ கேட்டபோதே இந்த ஒத்திகையை வைத்திருந்தால், செல்வி இதையே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். நீ எவர்சில்வர் தட்டில் சோறு சாப்பிட்டிருப்பாய். இந்தப் பெட்டியில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாய். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

என்னால் பூகம்பத்தை நிறுத்த முடியாது, ஆபீஸ்களை மாற்றவும் முடியாது. என் கையில் இருப்பது ஒரு சுவிட்சுதான். இனி ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவதற்கு முன்னால் தீயணைப்பு ஸ்டேஷனுக்குப் போய், இன்ன தெரு, இன்ன விசேஷம் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டுவேன். விசேஷ வீட்டிலும் விசில் கேட்டால் பாட்டு நிற்கும் என்று சொல்லிவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குவேன். நம் ஊரில் எப்போது அந்த விசில் கேட்டாலும் முதலில் அணைவது என் செட்டாக இருக்கும். அடுத்த ஒத்திகைக்குத் தேதி வாங்க மலர்விழியோடு நானும் போய் ஆபீஸ் ஆபீசாக உட்காருவேன். செல்வியின் கை ஓய்வதற்கு முன்பே, அவள் தட்டுகிற சத்தம் கேட்கும்படி ஊர் நிற்கவேண்டும். அதுவரைக்கும் நீ கவலைப்படாமல் தூங்கு.

உனக்கு மாமன்,
செல்விக்கு அண்ணன்,
காதர் மைதீன்